ஒரு நோட்டு குறைவு

அந்த அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் பெயருக்கு நேர்ந்த கேடு போதும். அதில் பாதிக்குமேல் என் கைவேலை. கடையில் எல்லோரும் காஷ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் வலையும் கயிறும் என்ஜின் ஆயிலும் விற்கிற கடை அது. முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து வள்ளக்காரர்களும் மீன் விற்கிற பெண்களும் வந்து ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கா கல்லாவில் இருந்தாள். நான் பில் எழுதினேன். முந்தின நாள் வசூலை மறுநாள் பேங்கில் கொண்டுபோய்க் கட்டுவதும் என் வேலை. எனக்கு அப்போது முப்பது வயது, கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. விவரம் தெரியாத வயசில் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அக்கா கடைக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் சற்று விரித்துக்கொண்டுதான் வருவாள். தோல்பை, பர்ஸ் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கவர் ஒன்று. அதில் சோற்றுப் பாத்திரம், ஒரு கைக்குட்டை, திரும்பிப் போக பஸ்ஸுக்குச் சில்லறை. சாயங்காலம் கிளம்பும்போது அந்தக் கவரை முதலாளியின் மேசைமேல் கவிழ்த்துக் காட்டுவாள்.

"சம்சயம் வேண்டாம், பாத்துக்கிடுங்க."

முதலாளி ஆரம்பத்தில் "எதுக்கு இதெல்லாம்" என்று கையை ஆட்டினார். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் அவசரத்தில் அவள் கவிழ்க்காமல் இரண்டு எட்டு வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட பார்வை அது. எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மேல் அல்ல, அவள்மேல்.

முதலாளி எழுந்து வெளியே போனால் கல்லாவைச் சாத்திவிட்டு எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்தால் இடுப்பில் செருகிய கைக்குட்டையை எடுக்க மாட்டாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்வாள். நாங்கள் கேலி செய்வோம். "ஏ அக்கா, மூக்கை வழிச்சதுக்கும் ரசீது போடட்டா?" அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே விரல்கள் எண்ணிக்கொண்டிருக்கும்.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் புருஷன் கரமனைப் பக்கத்தில் சிட்டி என்கிற ஏலச்சீட்டு நடத்தி, தெருத்தெருவாகப் பெண்களிடம் பணம் வாங்கி, ஒருநாள் அப்படியே போய்விட்டான். செத்தானா இருக்கிறானா என்று தெரியாது. ஒரே மகளை வைத்துக்கொண்டு அதே ஊரில் அவன் பெண்டாட்டியாகவே இவள் மிச்சம். ஒரே ஒரு தடவைதான் அவனைப் பற்றி என்னிடம் பேசினாள். "அவரு நல்லா வாதாடுவாரு தம்பி. யாரு வந்து கேட்டாலும் பதில் வச்சிருப்பாரு. அவரு வாதாடின வாதாட்டத்துலதான் நாலு தெரு ஏமாந்துச்சு. அதனால நான் ஒருத்தர்கிட்டயும் வாதாடுகதில்ல. சம்சயம்னு வந்தா, கேக்கதுக்கு முன்ன குடுத்திரணும்."

வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல. விழிஞ்ஞத்திலிருந்து வருகிற ஒரு மீன்காரச் சேச்சி ஒருநாள் கடையை இரண்டாக்கினாள். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், நூறு ரூபாய்க்கான மிச்சத்தைத்தான் தந்திருக்கிறாள் என்று கத்தல். அக்கா கல்லாவை எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. அதைச் சொல்லி நிற்கவேண்டியதுதானே? சொல்லவில்லை. முதலாளியிடம் போய்ச் சம்பளத்தில் முன்பணமாக நானூறு கேட்டு வாங்கி அந்தச் சேச்சியின் கையில் வைத்தாள். மறுநாள் அந்தச் சேச்சி அழுதுகொண்டே ஓடிவந்தாள். இடுப்புப் பையின் தையல் பிரிந்து ஐந்நூறு ரூபாய் உள்மடிப்பில் போயிருந்ததாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பொதி நெத்தோலியும் நீட்டினாள். அக்கா பணத்தை வாங்கிக்கொண்டாள், மீனை வாங்கவில்லை. "மீன் வாங்கினா அதுக்கும் ஒரு பேச்சு வரும் சேச்சி, கொண்டுபோங்க" என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பணம் எண்ணுகிற மிஷின் வாங்கலாம் என்ற பேச்சை எடுத்தது முதலாளி. ஓணத்துக்கு முந்திய சீசனில் வசூல் குவிந்து, எண்ணி முடிக்கவே ராத்திரி எட்டு மணி ஆகிக்கொண்டிருந்தது. அக்கா வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அப்படிச் சந்தோஷப்பட்டாள்.

"நல்லதாக்கும் தம்பி. மனுசன் எண்ணினா யாரு எண்ணினா, அவ ஆரு பெண்டாட்டின்னு கேள்வி வரும். மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதுல்லா?"

எர்ணாகுளத்திலிருந்து ஒரு ஏஜென்ட், கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏஜென்ட். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச்சொல்லி, இரண்டு மிஷினையும் கவுண்டர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் முதலாளி. புது நோட்டு வைத்துக் காட்ட ஏஜென்ட்கள் ஆசைப்பட்டார்கள். முதலாளி விடவில்லை. "எங்க கடை நோட்டுல ஓடணும். அதாக்கும் பரீட்சை" என்று கல்லாவிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எங்கள் கடை நோட்டு என்றால் கடலில் இருந்து வருகிற நோட்டு. உப்புத்தண்ணியும் மீன் செதிலும் பட்டு, இடுப்பில் கிடந்து வேர்த்து, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும்.

முதல் மிஷின் பத்து நோட்டு ஓடியது, கீச்சென்று கத்தி நின்றது. மறுபடி ஓட்டினால் பதினைந்து, கீச். சிவப்பு விளக்கு வேறு. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எர்ணாகுளத்து ஏஜென்டுக்கு வேர்த்துவிட்டது. "இது கம்ப்ளெய்ன்ட் அல்ல சார். ரெண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு போனால் மிஷின் நின்று சொல்லும். நீங்கள் பிரித்து வைக்க வேண்டும்" என்று தமிழும் மலையாளமுமாக விளக்கிக்கொண்டிருந்தார். முதலாளி கேட்கிற மாதிரி இல்லை. "எண்ணச் சொன்னா ஒப்பாரி வைக்குகு பாத்தியா" என்றார்.

இரண்டாவது மிஷின் ஒரே மூச்சில் சர்ரென்று ஓடி நூறு என்று காட்டியது. அக்கா முன்னமே கையால் எண்ணி வைத்திருந்ததும் நூறுதான். இன்னொன்றும் அதில் இருந்தது. ஒரு நீளமான வயரின் முனையில் தனியாக ஒரு சின்னப் பெட்டி. மிஷின் எண்ணுகிற எண் அதிலும் தெரியும். அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசைமேல் வைக்கலாம்.

"நீயாக்கும் இதுல உக்காரப் போறது. எது வேணும், சொல்லு" என்றார் முதலாளி.

அக்கா யோசிக்கவே இல்லை. "இது போதும் முதலாளி. நான் வாயத் தொறந்து சொல்லவே வேண்டாம், நம்பர் நேரா உங்க மேசைக்கு வந்திரும்." என்னிடம் பிறகு ரகசியமாகச் சொன்னாள்: "அந்த மத்தது இருக்கே தம்பி, அது கத்தும்போதெல்லாம் எல்லாரும் என்னயப் பாத்தாங்க."

உண்மையைச் சொன்ன மிஷினைத் திருப்பி அனுப்பினோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், அக்கா கையால் எண்ணி நூறு என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்து ரூபாய்க் கட்டை மிஷினில் வைத்தாள். தொண்ணூற்று ஒன்பது. முதலாளி அங்கிருந்தே "ஒண்ணு குறையுகே" என்றார். மறுபடி வைத்தாள். தொண்ணூற்று ஒன்பது. கையால் எண்ணினாள், நூறு.

"கை சொல்லுகத எடுக்கணுமா, மிஷின் சொல்லுகத எடுக்கணுமா?" முதலாளி கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மிஷின் சொல்லுகத எடுங்க முதலாளி. என் சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்க."

அவர் தன் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டில் வைத்து ஓட்டினாள். நூறு. எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் பேங்கில் கட்டைப் பிரித்து எண்ணிய கவுண்டர்காரர் ஒரு பத்து ரூபாயை என் பக்கம் தள்ளினார். "ஒரெண்ணம் கூடுதலுண்டு, கேட்டோ." அவர் தப்பாக எண்ணியிருப்பார், நமக்கென்ன என்று எடுத்துக்கொண்டேன். பேங்குக்கு எதிரில் ஒரு ரசவடையும் சாயாவும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அந்த வாரத்திலேயே மறுபடி குறைந்தது, மறுநாள் பேங்கில் மறுபடி கூடியது. மூன்றாவது தடவை ஐம்பது ரூபாய்க் கட்டில். அன்று பேங்க் படியில் நின்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உப்பில் ஒட்டிக்கொண்ட இரண்டு நோட்டை இந்த மிஷின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்த எர்ணாகுளத்துக்காரர் நாக்குத் தள்ள விளக்கியது இதைத்தான். அக்காவின் கை எண்ணியதே சரி. அவள் போடுகிற நோட்டு கூடுதல் நோட்டு. அந்தக் கூடுதல் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

கடைக்கு நடந்து ஐந்து நிமிஷம். போய்ச் சொல்லியிருக்கலாம். "முதல் ரெண்டு தடவை எங்கடா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். அது ஒரு காரணம். ஐம்பது ரூபாய் இனித்தது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் நான் கேவலமானவன்தான்.

அக்கா வழக்கத்தை மாற்றினாள். சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது கடன் வாங்கினமாதிரி இருக்கிறது என்று, காலையில் வரும்போதே பத்து, இருபது, ஐம்பது என்று சில நோட்டுகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். அதையும் மறைக்கவில்லை. உள்ளே வந்ததும் முதலாளிக்கு விரித்துக் காட்டி, "இது எங்கூட்டுப் பணம், சம்சயம் வேண்டாம்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பாள். சாயங்காலம் குறைந்தால் அதிலிருந்து எடுத்துக் கட்டில் வைப்பாள். மறுநாள் நான் அதை வாங்கிக்கொள்வேன். நாலு மாதத்துக்கும் மேல் இப்படி நடந்தது. அவள் கையில் இருந்த இரண்டு வளையல் ஒன்றாகி, பிறகு அந்த ஒன்றும் கண்ணாடி வளையலாயிற்று. நான் பார்த்துக்கொண்டுதான் பில் எழுதினேன்.

அவள் எண்ணுகிற விதமே மாறியது. ஒரு கட்டை ஐந்து தடவை எண்ணுவாள். எண்ணி முடித்து உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் சோறு சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, ஒரு மனுசி தனக்கே தெரியாம எடுப்பாளா?"

"என்னக்கா கிறுக்குத்தனமா பேசுகீங்க?"

"இல்ல, வீட்டுக்குப் போனதும் மகள்கிட்ட சொல்லி என் துணிய உதறிப் பாக்கச் சொல்லுகேன். ஒண்ணும் இல்ல. ஆனா தினமும் குறையுகே."

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். சொல், சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மோர் ஊற்றுவதற்குத்தான் கை போனது.

மாசி மாதம் ஒரு காலை. அக்கா வழக்கம்போல நோட்டுகளை விரித்துக் காட்டியபோது முதலாளி அவற்றை வாங்கி மேசைமேல் வைத்தார். கடையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். பேங்குக்குப் போகிற பை என் தோளில் இருந்தது.

"ஒரு காரியம் கேக்கேன். எடுக்காதவ எதுக்குக் குடுக்கணும்?"

அக்கா துண்டுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒரு தடவயாவது, நான் எடுக்கலன்னு நீ சண்டை போட்டியா? இல்ல. குறையுகுன்னு சொன்ன உடனே எடுத்து வைக்கே. அது போகட்டும். சாயங்காலம் குறையும்னு காலையிலயே ஒனக்கு எப்படித் தெரியுகு? தெரிஞ்சுதான ரூபாய் கொண்டு வாறே?"

அவள் ஆயுசு முழுக்கக் கட்டிவைத்த காவல் இப்படி அவள் கழுத்துக்கே வந்து விழுந்தது. வேறு எவளாக இருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பாள், மிஷினைத் தூக்கிக் கீழே போட்டிருப்பாள். அக்கா இரண்டு கையையும் விரித்தபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பிதான தினமும் பேங்குக்குக் கொண்டு போவுது. என்னைக்காவது கட்டுல கூடுதல் இருந்துதா தம்பி?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதல்ல. அப்படிக் கேட்க அவளுக்குத் தெரியாது. அவளுடைய கை சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான் என்று கண்டுபிடித்துக் கேட்டாள். முதலாளியும் என்னைத்தான் பார்த்தார்.

"இல்லக்கா" என்றேன்.

"அப்போ என் கைதான் தப்பு" என்றாள். பிளாஸ்டிக் கவரை மேசைமேல் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனாள். முதலாளி நல்ல மனுஷன், போலீசுக்கெல்லாம் போகவில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இனிதான் நான் செய்ததிலேயே மோசமானது. கல்லாவுக்கு முதலாளியின் தங்கை மகனைக் கொண்டுவந்து உட்காரவைக்கப் போவதாகத் தெரிந்ததும் நான் உட்கார்ந்து யோசித்தேன். அவன் எண்ணினாலும் மிஷின் குறைவாகத்தான் காட்டும். அவன் அக்கா இல்லை. கத்துவான், பேங்கில் போய் விசாரிப்பான். அன்றே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோயம்புத்தூர் ஏஜென்டைக் கூப்பிட்டேன். "சர்வீஸ் நேரம் ஆச்சு, வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். வந்தான். ரப்பர் சக்கரத்தில் படிந்திருந்த உப்பையும் அழுக்கையும் துடைத்து, இடைவெளியை இறுக்கி வைத்து, ஈர நோட்டைக் காயப்போட்டுத்தான் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மின்விசிறிக்குக் கீழே நோட்டுகளைக் காயவைத்தோம். அதற்குப் பிறகு ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. அவள் போனாள், குறைவும் போயிற்று. கடைத்தெரு முழுக்க இதுதான் சாட்சி. அந்தச் சாட்சியைத் தயார்செய்தவன் நான்.

அடுத்த வருஷம் கடையை விட்டு நின்றேன், பிறகு எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், அவளிடமிருந்து வந்த பணத்தை உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து, ஒரு கவரில் போட்டுக்கொண்டு கரமனைக்குப் போனேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சந்து, ஓட்டு வீடு. அக்கா பிளவுசுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். காசு புழங்குகிற வேலை எதுவும் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேங்க், ரசவடை, ஏஜென்ட், எல்லாம். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் எண்ணினது சரிதானா?"

"சரிதான் அக்கா. ஒரு தடவகூடத் தப்பல."

அவள் முகம் கோணியது. அடக்கிக்கொண்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "மோளே, இங்க வா. இவரு சொல்லுகதக் கேளு." மகள் வந்து நின்றாள். பதினாறு வயது இருக்கும். "தம்பி, இவகிட்ட ஒரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அம்மாவின் துணியைத் தினமும் உதறிப் பார்த்த பெண் அவள். கேட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கவரை நீட்டினேன். அக்கா தொடவில்லை. "ரூபாய் எனக்கு வேண்டாம். கடையில போய் முதலாளிகிட்டச் சொல்லு. என்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லு. இன்னைக்கே போ தம்பி." முதல் தடவையாக என்னைப் 'போங்க' என்று சொல்லாமல் 'போ' என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, இப்போதே போகிறேன் என்றேன். சொல்லவேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

சாலைக் கடைத்தெருவுக்கு வந்து கடையேறினேன். முதலாளி வாய்நிறைய வரவேற்றார். மஸ்கட் என்றதும் சாயா வரவழைத்தார். என் குழந்தையைப் பற்றிக் கேட்டார். அக்காவின் பேச்சை நான்தான் எடுத்தேன். "நம்ம காஷ் அக்கா காரியம் முதலாளி..." என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டினார். "அந்தப் பேச்சை விடு. அவ போனதுக்கப்புறம் ஒரு நோட்டு குறைஞ்சிருக்கா? நீயே சொல்லு."

"இல்ல முதலாளி."

"பின்ன?"

சாயா ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் எதிர்ச்சாரியில் அவளைப் பார்த்தேன். எனக்குப் பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். தலைவாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டி, மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கடையைப் பார்த்தபடி நின்றாள். நான் சொல்லி முடித்திருப்பேன், இப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று நிற்கிறாள். என் கண்ணைக் கண்டதும் லேசாகச் சிரித்தாள்.

முதலாளியும் பார்த்துவிட்டார். "இவ எதுக்கு இங்க வந்து நிக்கா?" என்றார் என்னிடம்.

"தெரியல்லையே முதலாளி" என்றேன்.